யாகப்பு பிழையை ஒப்புக்கொள்ளாத கிழமை

மன்னார்க் கடற்கரைத் தாழ்வுபாட்டில் குடை பிடிக்கும் ஆட்கள் குறைவு. மழை என்றால் நனைவார்கள். வெயில் என்றால் காய்வார்கள். சோளகக் காற்று கிளம்பிவிட்டால் குடையை விரித்தவர் அதன் பின்னால் ஓடவேண்டியிருக்கும். ஆகவே காப்புறுதி முகவர் பவ்ஸான் மன்னார் பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அங்கிள், இதுக்குப் பேர் குடைக் காப்புறுதி" என்று சொன்னபோது யாகப்புவுக்குச் சிரிப்பு வந்தது.

"குடைக்கோ?"

"குடைக்கில்லை அங்கிள். குடை மாதிரி. உங்கட மோட்டச் சைக்கிளுக்கு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. வீட்டுக்கு ஒண்டு இருக்கு."

"வீட்டுக்கு இல்லை."

"சரி, இருந்தால். அதுகளுக்கு மேல, எல்லாத்தையும் மூடிக்கொண்டு இது நிக்கும். உங்களால இன்னொருத்தருக்கு நட்டம் வந்தால், உங்கட மாடு முட்டினால், உங்கட மதில் சரிஞ்சு விழுந்தால், அவையளுக்குக் கம்பனி குடுக்கும்."

"எனக்கு மாடும் இல்லை, மதிலும் இல்லை."

"வாய் இருக்கு தம்பி," என்றாள் மனைவி அகஸ்ரினா குசினிக்குள்ளிருந்து. "அதால வாற நட்டத்துக்குக் குடுப்பியளோ?"

பவ்ஸான் நல்ல பிள்ளை. யோசித்துவிட்டு, அது தனிப் பிரிவு என்றான்.

இந்த யோசனை மகன் ஜோன்சனுடையது. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். குளிர்காலத்தில் விடிய எழும்பி வீட்டு வாசலில் பனி அள்ளுவதைப் படம் பிடித்து அனுப்புவான். வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்குப் போடுவார்களாம். வீடே போய்விடுமாம்.

"இஞ்ச வழுக்கி விழுந்தால் சிரிப்பினம்," என்றார் யாகப்பு போனில். "விழுந்தவன் எழும்பி, மண்ணைத் தட்டிப்போட்டுப் போவான்."

"உலகம் மாறுது அப்பா."

காசை ஜோன்சன் ஏற்கெனவே கட்டிவிட்டான். அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பவ்ஸான் நியாயமாகத்தான் பேசினான். இன்று கையெழுத்து வைத்தால் இன்றிலிருந்தே காப்பு. ஆறுதலாக வாசித்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த புதன்கிழமை அவன் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜோன்சன் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாகப்பு கையெழுத்து வைத்தார்.

"ஒரு விசயம் மட்டும் மறக்கக் கூடாது அங்கிள்," என்றான் பவ்ஸான். "ஏதும் நடந்தால் 'என்ர பிழை' எண்டு ஆரிட்டயும் சொல்லக் கூடாது. மன்னிப்புக் கேக்கக் கூடாது. பிழை ஆற்ற எண்டு கம்பனிதான் பாத்துச் சொல்லும். நீங்கள் முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டால் ஒரு சதமும் வராது."

யாகப்புவுக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. ஒரு கம்பனியே ஆள் வைத்து, கடதாசியில் அடித்து, இப்படிச் சொல்கிறது. அவர் குசினிப் பக்கம் திரும்பினார்.

"கேட்டியே?"

"கேட்டனான்," என்றாள் அகஸ்ரினா. "கலியாணம் கட்டின நாள் துவக்கம் நீங்கள் காசு கட்டாமலே அந்தப் பொலிசியிலதானே இருக்கிறியள்."

ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்தான். அமிர்தநாயகத்திடம் யாகப்பு அப்படி இல்லை.

அமிர்தநாயகத்தின் வீடு, யாகப்பு வீட்டு ஒழுங்கை இறங்கிக் கடலை நோக்கி முடிகிற இடத்தில் இருந்தது. இருவரும் ஒரே படகில் தொழில் செய்பவர்கள். படகு யாகப்புவுடையது. எஞ்சின் அமிர்தநாயகத்துடையது. இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து குடும்பங்களோடு திரும்பி வந்த வருடம் ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். அன்றிலிருந்து படகு கரையில் படுக்கும். எஞ்சின் அமிர்தநாயகத்தின் விறாந்தையில் படுக்கும். விடியப்புறம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எஞ்சினைத் தூக்கிப் போய்ப் படகில் பூட்டுவார்கள். ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மற்றவர் கூலிக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு போவார். படுத்தவர் வீட்டுக்குப் பங்கு போகும். சண்டையும் வராமல் இல்லை. வரும். வந்தால் இருவரில் ஒருவர் "சரியடா, என்ர பிழைதான்" என்று சொல்லிவிட்டு எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடிப்பார். மற்றவர் மறுபக்கத்தைப் பிடிப்பார். அவ்வளவுதான் அவர்களுடைய ஒப்பந்தம்.

"எனக்குச் சொல்லாததெல்லாம் அங்க போய்ச் சொல்லுறது," என்பாள் அகஸ்ரினா.

இனி அன்ரனா.

ஜோன்சன் கனடா போகமுதல் கூரையில் பூட்டிய டிஷ் அன்ரனா அது. அகலமானது. கறள் பிடித்துப் படம் வராமல் போய் நெடுங்காலம். யாகப்பு அதைக் கழற்றி எறியவில்லை. குசினிக் கூரைத் தகரம் காற்றில் கிளம்பாமல் இருக்க அதைக் கவிழ்த்து மேலே வைத்திருந்தார். அதைக் கயிறு போட்டுக் கட்டச்சொல்லி அகஸ்ரினா போன வருடச் சோளகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். யாகப்பு நாளைக்குக் கட்டுவதாக இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று அதைத் தூக்கியது. கீழே விழுந்திருந்தால் கதை இல்லை. அது விளிம்பில் விழுந்து, நிமிர்ந்து, வண்டிச் சில்லுப் போல உருளத் தொடங்கியது. படலை திறந்திருந்தது. அன்ரனா ஒழுங்கையில் இறங்கியது. யாகப்பு பின்னால் ஓடினார். ஒழுங்கை நடுவில் நின்ற கழுதை ஒன்று விலகி இருவருக்கும் வழி விட்டது. பிறகு காற்றும் சரிவும் சேர்ந்துகொண்டன. அன்ரனா அமிர்தநாயகத்தின் வளவுக்குள் யாகப்புவுக்கு முன்னால் நுழைந்தது.

அமிர்தநாயகம் ஐஸ் பெட்டியில் குந்தி, காலை நீட்டி, வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். நீட்டிய கால்தான்.

யாகப்பு மூச்சிரைக்க வந்து நின்றார். அமிர்தநாயகம் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தார். பக்கத்தில் அன்ரனா மெல்லச் சுழன்று அடங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ மச்சான், என்ர..." என்று தொடங்கினார் யாகப்பு.

அங்கேயே நின்றுவிட்டார்.

"உன்ர?" என்றார் அமிர்தநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ர அன்ரனா போல கிடக்கு."

"போல கிடக்கோ?"

யாகப்பு ஆட்டோவுக்குப் போன் எடுத்தார். அதோடு வேலிக்கு வெளியே போய்ப் பவ்ஸானுக்கும் எடுத்தார். காற்று இரைந்தது. கத்தினாலும் வேலிக்கு உள்ளே கேட்காது.

"ஒண்டையும் ஒத்துக்கொள்ளாதேங்கோ அங்கிள். 'ஒரு சம்பவம் நடந்திருக்கு' எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல ஒரு சொல் வேண்டாம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ?"

"போகலாம். வழியில கதைக்காதேங்கோ."

"இன்சூரன்ஸ் இருக்கெண்டு அவனுக்குச் சொல்லட்டோ?"

"கூடவே கூடாது. ரெண்டு பேரும் பேசி வைச்சுச் செய்த மாதிரி வந்திடும்." பவ்ஸானின் குரல் சற்றுத் தணிந்தது. "அங்கிள், எலும்பு வெடிச்சிருந்தால் அவருக்கு நல்லாக் கிடைக்கும். தொழிலுக்குப் போகேலாத நாளும் சேரும். புது எஞ்சின் ஒண்டு வரும் எண்டு வையுங்கோவன்."

புது எஞ்சின். யாகப்பு விறாந்தையில் கிடந்த எஞ்சினை வேலிக்கு மேலால் பார்த்தார். அதற்கு இப்போது தீராத இருமல். கயிற்றை இழுத்து இழுத்து அமிர்தநாயகத்தின் தோள்மூட்டு இறங்கிவிட்டது. நடுக்கடலில் அது நின்றுபோனால் இருவரும் மாதாவைக் கூப்பிடுவார்கள். யாகப்பு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். இந்த வாய் சில நாள் மூடியிருந்தால் மச்சானுக்குப் புது எஞ்சின்.

ஆட்டோவில் இருவரும் பின்னால் இருந்தார்கள். அமிர்தநாயகத்தின் கால் யாகப்புவின் மடியில் இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அமிர்தநாயகம் முனகினார். முனகி முடித்து யாகப்புவின் முகத்தைப் பார்ப்பார். யாகப்பு வெளியே பார்ப்பார்.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்? ஏதும் சொல்லன்."

"மச்சான்," என்றார் யாகப்பு. "ஒரு சம்பவம் நடந்திருக்கு."

"அது எனக்குத் தெரியும்."

எலும்பில் வெடிப்பு. முழங்கால் வரை பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். யாகப்பு கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படலையில் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார். அமிர்தநாயகத்தின் மனைவி பெற்றிசியா படலையைப் பிடித்தபடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேரம் ஒழுங்கை முழுவதும் அமிர்தநாயகத்தைப் பார்க்கப் போனது. அங்கே ஒருவருக்குக் கால் முறிந்தால் பார்க்கப் போகவேண்டும். தோடம்பழமும் மாரி பிஸ்கற்றும் கொண்டுபோகவேண்டும். கட்டில் ஓரத்தில் இருந்து, எப்படி நடந்தது என்று கேட்டு, "அட கடவுளே" என்று சொல்லவேண்டும். முறித்தவர் முதல் ஆளாகப் போகவேண்டும். மற்றவர்கள் வர எழும்பி இடம் கொடுக்கவேண்டும்.

யாகப்பு போகவில்லை. கட்டிலைச் சுற்றி ஊரே இருக்கும். அத்தனை பேரும் சாட்சி. அகஸ்ரினா தோடம்பழத்தோடு போனாள். அதே தோடம்பழத்தோடு திரும்பி வந்தாள்.

"என்னவாம்?"

"பெற்றிசியா சொன்னவ, முறிஞ்சது இவற்ற கால்தானாம். உங்கட கால் நல்லாத்தானாம் இருக்கு. நடந்து வரச் சொல்லட்டாம்."

"அமிர்தம் என்ன சொன்னவன்?"

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்." அவள் ஒரு தோடம்பழத்தை உரித்தாள். "போய் ஒரு சொல் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"அந்த ஒரு சொல் ஒரு எஞ்சின்."

அவள் சுளையை வாயில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். மிச்சப் பழங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அது யாகப்புவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு.

ஞாயிறு இருப்பதை யாகப்பு யோசிக்கவில்லை. கோயிலுக்குப் போய் மர வாங்கு வரிசையில் நின்ற பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. பூசை தொடங்கிய உடனேயே எல்லோரும் ஒரே குரலில் தங்கள் பாவத்தை ஏற்றுக்கொள்ளும் செபம் வரும். அதுவும் கடவுளிடம் மட்டுமல்ல. சகோதர சகோதரிகளிடமும். சகோதரன் அமிர்தநாயகம் நடுப்பாதைக்குள் பிளாஸ்ரர் காலை நீட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் இருந்தார். அவர் பீடத்தைப் பார்க்கவில்லை. யாகப்புவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செபம் தொடங்கியது. யாகப்பு பாதிவரை சேர்ந்து சொன்னார். "என் பாவமே" என்று எல்லோரும் நெஞ்சில் தட்டும் இடம் வந்தது. ஊர் முழுவதும் தட்டியது. யாகப்புவின் கை நெஞ்சுக்குக் கிட்டப் போய் அந்தரத்தில் நின்றது. பிறகு சட்டைப் பொத்தானைத் திருகியது. முதலாம் தரம் ஒரு பொத்தான். இரண்டாம் தரம் அடுத்த பொத்தான். மூன்றாம் தரம் பொத்தான் முடிந்துவிட்டது.

சமாதானம் சொல்லும் நேரம் யாகப்பு முன்வரிசைக்குக் கை கூப்பினார். பின்வரிசைக்குக் கூப்பினார். தூணுக்கும் கூப்பினார். அமிர்தநாயகத்தின் பக்கம் கூப்பினால் கம்பனி அதை எப்படி எடுக்கும் என்று பவ்ஸானிடம் கேட்டு வைக்கவில்லை.

பூசை முடிய வாசலில் பங்குச் சுவாமி நிறுத்தினார்.

"என்ன யாகப்பு, செபத்தில உம்மட சத்தத்தைக் காணேல்லை?"

"தொண்டை சரியில்லை சுவாமி."

"உப்புத் தண்ணியில கொப்பளியும்."

"தொண்டை பழுது, சரி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெற்றிசியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அமிர்தநாயகம் ஒற்றைக் காலில் நின்றார். "கைக்கு என்னவாம் வருத்தம்?"

வாசலில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிலிருந்து யாகப்புவுக்கு நிலைமை விளங்கியது.

திங்கட்கிழமை விடியப்புறம் யாகப்பு கூலிக்கு ஒரு ஆளைப் பேசி வைத்துவிட்டு எஞ்சின் எடுக்கப் போனார். அது வழக்கம். அமிர்தநாயகம் விறாந்தையில் கதிரை போட்டு, எஞ்சினில் பிளாஸ்ரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். எஞ்சின் தறப்பாளால் மூடிக் கட்டியிருந்தது.

"எஞ்சின் எடுக்க வந்தனான் மச்சான்."

"எஞ்சினோ?" அமிர்தநாயகம் தறப்பாளைத் தட்டிப் பார்த்தார். "எஞ்சின் போல கிடக்கு. ஆற்ற எண்டு வடிவாத் தெரியேல்லை."

"உன்ர பங்கு உனக்கு வரும்தானே."

"பங்கு ஆர் கேட்டது? நாயே, பங்கோ கேட்டனான் உன்னட்ட?"

யாகப்பு சொல்லக்கூடாததைச் சொல்லாமல், சொல்லவேண்டியதை எப்படிச் சொல்வது என்று இரவிரவாக யோசித்து வைத்திருந்தார். அவர் படியில் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், நான் சொல்லுறதைக் கேள். எனக்கு மேல வழக்குப் போடு."

"என்ன?"

"வழக்கு. எனக்கு மேல. உனக்கு நல்லது. பெரிசாக் கேள். பயப்பிடாமல் கேள்."

அமிர்தநாயகம் காலை எஞ்சினிலிருந்து மெல்ல இறக்கினார். அவர் முகம் கோபத்தைத் தாண்டி வேறெங்கோ போயிருந்தது.

"உனக்கு மேல வழக்குப் போடுற ஆள் எண்டோ என்னை நினைச்சாய்?" என்றார். "மண்டபத்தில ஒரு கோப்பையில திண்டனாங்கள். இப்ப நான் கோட்டில போய், நீதவான் முன்னால உன்ர பேரைச் சொல்லிக் காசு கேக்கிறதோ? அவ்வளவு கேவலமாப் போயிட்டனோ நான்?"

"அதில்லையடா..."

"போ. படகில போய் இரு. துடுப்பு இருக்குத்தானே, வலி. இந்தியா வரைக்கும் வலி."

யாகப்பு கரைக்குப் போனார். கூலி ஆளை அனுப்பிவிட்டுப் படகின் விளிம்பில் இருந்தார். மற்றப் படகுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. எஞ்சின் பூட்டும் இடத்தில் காகம் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது. புது எஞ்சின் வரும். அதைப் பூட்ட அவன் வருவானா என்று காகத்தைப் பார்த்து யோசித்தார்.

புதன்கிழமை காலை பவ்ஸான் கழுத்துப்பட்டியும் கோப்புமாக வந்தான்.

"இண்டைக்கு ரெண்டு வேலை அங்கிள். ஒண்டு, அவரிட்ட வாக்குமூலம் எடுக்கிறது. அன்ரனா உங்கட எண்டும், அது வந்து காலில பட்டதெண்டும் அவர் தன்ர வாயால சொன்னால் காணும். மிச்சம் நான் பாப்பன். மற்றது, பொலிசியை வைச்சிருக்கப் போறியளோ, திருப்பித் தரப் போறியளோ? இண்டைக்குச் சொல்லவேணும்."

யாகப்பு அகஸ்ரினாவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் ஒரு முடிவு கேட்டது குறைவு.

"நல்ல பொலிசிதான்," என்றாள் அவள். "அயலில ஒருத்தரையும் தெரியாத ஆக்களுக்கு. ஜோன்சனுக்குச் சரி. பக்கத்து வீட்டுக்காரன்ர பேர் கேட்டால் அவனுக்கே தெரியாது."

"முதல்ல வாக்குமூலம் முடியட்டும்," என்றார் யாகப்பு.

பவ்ஸான் ஒழுங்கையில் இறங்கிப் போனான். யாகப்பு சற்றுப் பொறுத்துப் பின்னால் போய், அமிர்தநாயகத்தின் ஓலை வேலிக்கு வெளியே குந்தினார். அகஸ்ரினாவும் வந்து பக்கத்தில் குந்தினாள்.

உள்ளே பெற்றிசியா கூப்பிட்டது கேட்டது. "இஞ்சேருங்கோ, கழுத்துப்பட்டியோட ஒராள் வந்திருக்கு. கோட்டு ஆள் போல."

"இருங்கோ தம்பி," என்றார் அமிர்தநாயகம்.

"ஐயா, உங்கட கால் சம்பந்தமா ஒரு சின்ன விசாரணை." கோப்பு திறந்தது. பேனாவின் மூடி கழன்றது. "யாகப்பு எண்டவரைப் பற்றி."

கோப்பும் பேனாவுமாக ஒருவர் வாசலில் வந்து அயலவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதைப் படிப்பித்த யுத்த காலம் போய்விட்டது. பாடம் போகவில்லை.

"ஆர் யாகப்பு?" என்றார் அமிர்தநாயகம்.

"உங்களோட ஒரே போட்டில தொழில் செய்யிறவர்."

"ஓ, அவரோ. நல்ல மனுசன். ஒரு சோலி சுரட்டுக்கும் போகாத ஆள்."

"அவற்ற அன்ரனா வந்து..."

"எந்த அன்ரனா?"

பவ்ஸான் திரும்பிப் பார்த்தான். வளவின் நடுவில் அன்ரனா மல்லாந்து கிடந்தது. அதில் இரண்டு கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவன் பேனாவால் சுட்டிக் காட்டினான்.

"அது கோழித் தண்ணிச் சட்டி," என்றார் அமிர்தநாயகம்.

"அப்ப உங்கட கால்?"

"தடுக்கி விழுந்தனான்."

"எதில?"

"கோழியில."

"ஐயா," என்றான் பவ்ஸான் பொறுமையாக. "நீங்கள் இப்பிடிச் சொன்னால் யாகப்பு அங்கிள் மேல ஒரு பிழையும் இல்லையெண்டு நான் எழுதவேண்டி வரும்."

"எழுதுங்கோ தம்பி. வடிவாப் பெரிய எழுத்தில எழுதுங்கோ. அவர் மேல ஒரு பிழையும் இல்லை. பெற்றிசியா, நீயும் சொல்லு."

"நான் ஒண்டும் காணேல்லை," என்றாள் பெற்றிசியா. "குசினிக்குள்ள நிண்டனான்."

வேலிக்கு வெளியே யாகப்புவின் மூச்சு ஒருமாதிரி வந்தது. அகஸ்ரினா அவர் சட்டையைப் பிடித்தாள். ஆனால் பலமாகப் பிடிக்கவில்லை. அவர் எழும்பினார். படலை நாலு எட்டுத் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் போக அவருக்குப் பொறுமை இல்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். தலையில் ஓலைத் துண்டு இருந்தது.

"பொய்! பச்சைப் பொய் சொல்லுறான் தம்பி, எழுதாதேங்கோ! என்ர அன்ரனா. நான்தான் கட்டாமல் விட்டனான். ஒரு வருசமா மனுசி கட்டு கட்டெண்டு சொன்னவள். நாளைக்கு நாளைக்கு எண்டு இருந்தனான். என்ர பிழை!" நெஞ்சில் அடித்தார். "என்ர பிழை!" மறுபடி அடித்தார். மூன்றாம் அடிக்குக் கோழிகள் பறந்தன. "என்ர பெரிய பிழை!"

ஒரு கோழி இறகு பவ்ஸானின் கோப்பில் வந்து விழுந்தது.

"நடுவில ஒண்டு சொன்னியளே," என்றாள் அகஸ்ரினா வேலி ஓட்டைக்குள்ளால். "மனுசி சொன்னவள் எண்டு. அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

பவ்ஸான் பேனாவை மூடினான்.

"முடிஞ்சுது அங்கிள். அவர் அப்பிடி நடக்கவேயில்லை எண்டுறார். நீங்கள் நடந்தது, பிழையும் உங்கட எண்டுறியள். இந்த ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்தால் கம்பனி தேத்தண்ணி கூடத் தராது."

"என்ன கம்பனி?" என்றார் அமிர்தநாயகம்.

பவ்ஸான் சொன்னான். குடையைச் சொன்னான், நிபந்தனையைச் சொன்னான், புது எஞ்சினைச் சொன்னான். அமிர்தநாயகம் வாய் திறந்தபடி கேட்டார். பிறகு யாகப்புவைப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார்.

"புது எஞ்சினோ?"

"ஓம்," என்றார் யாகப்பு.

"எத்தினை குதிரைவலு?"

"அவ்வளவுக்குப் போகேல்லை ஐயா," என்றான் பவ்ஸான்.

"தம்பி, கோழியை விட்டிட்டு அன்ரனா எண்டு இப்ப மாத்தினால்?"

"ஏலாது ஐயா."

அமிர்தநாயகம் பிளாஸ்ரரைச் சொறிந்தார். அதற்குள் சொறிய முடியாது என்பதால் வெளியே சொறிந்தார்.

"மடையா, எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதெண்டு கம்பனி."

"கம்பனியோ உன்னோட கடலுக்கு வாறது?"

யாகப்பு மடியிலிருந்து மடித்த பொலிசியை எடுத்தார். அதை நிமிர்த்தித் தடவி, பவ்ஸானின் கோப்பின் மேல் வைத்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. இது எனக்கு அளவில்லை."

"ஜோன்சனுக்கு என்ன சொல்லுறது?" என்றாள் அகஸ்ரினா.

"வழுக்கி விழுந்திட்டுது எண்டு சொல்லு."

பெற்றிசியா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சனிக்கிழமையிலிருந்து தேங்கிக் கிடந்த மாரி பிஸ்கற் எல்லாம் வெளியே வந்தது. பவ்ஸான் வேறு பொலிசிகள் பற்றிச் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாகப்பு தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தறப்பாளின் முடிச்சை அவிழ்த்தார். இன்றைக்குக் கடலுக்குப் பிந்திவிட்டது. ஆனால் எஞ்சினைப் படகில் பூட்டி வைத்தால் நாளை விடியக் கூலி ஆளோடு நேரே போகலாம்.

"தனியத் தூக்காதே," என்றார் அமிர்தநாயகம். "விறாந்தை விளிம்பு வரைக்கும் நான் பிடிக்கிறன்."

"உன்ர காலோட..."

"கால்தானே பழுது. கையில்லையே."

பெற்றிசியா வேண்டாம் என்றாள். அகஸ்ரினா வேண்டாம் என்றாள். பவ்ஸான் கையில் பிஸ்கற்றோடு எழும்பி நின்றான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எஞ்சின் எழும்பியது. அமிர்தநாயகம் ஒற்றைக் காலில் ஒரு துள்ளுத் துள்ளினார். இன்னொன்று துள்ளினார். மூன்றாவது துள்ளலில் அவர் பக்கம் கை வழுக்கி, எஞ்சின் யாகப்புவின் காலில் இறங்கியது.

யாகப்பு கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் குந்தினார். சத்தம் வெளியே வர நேரம் எடுத்தது. வந்தபோது ஒழுங்கைக் கழுதை திரும்பிப் பார்த்தது.

அமிர்தநாயகம் வாயைத் திறந்தார். மூடினார். பவ்ஸானை ஒரு தரம் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து நிமிர்ந்து நின்றார்.

"மச்சான்," என்றார். "ஒரு சம்பவம் நடந்திருக்கு."